விழுங்கிவிட்டால் போதுமா? வளரும் பாம்புக்கு இரையின் அளவு

கேள்வி: எங்கள் கார்ன் ஸ்நேக்குக்கு ஏழு மாதம் ஆகிறது. எடை 62 கிராம். வாரம் ஒருமுறை 6 கிராம் அளவில் ஃபஸ்ஸி எனப்படும், மெல்லிய முடி வந்த எலிக்குஞ்சு கொடுத்துவந்தோம், ஒழுங்காகச் சாப்பிட்டது. பாம்பு வளர்க்கும் நண்பர் ஒருவர், ‘அதன் தாடை கழன்று விரியும், எவ்வளவு பெரியது கொடுத்தாலும் விழுங்கும், சீக்கிரம் வளரும்’ என்றார். 25 கிராம் எலி ஒன்றைக் கொடுத்தோம். ரொம்ப நேரம் போராடி விழுங்கிவிட்டது. மறுநாள் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்டுவதற்காகக் கொஞ்ச நேரம் கையில் எடுத்தோம். மூன்றாம் நாள் காலையில் எலியைக் கக்கி வைத்திருந்தது. தலைப்பக்கம் கரைந்திருந்தது, பின்பாதி முடியோடு அப்படியே இருந்தது. தொட்டியின் சூடான பக்கம் 30 டிகிரி. இப்போது பசியோடு அலைகிறது. பழைய குஞ்சையே உடனே கொடுக்கலாமா? எந்த எடையில் எந்த அளவுக்கு மாற வேண்டும்? அதே பெரிய எலிகள் ஒரு பாக்கெட் ஃப்ரீசரில் இருக்கின்றன, என்ன செய்வது?

பதில்: அவசரமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு எதுவும் கொடுக்காதீர்கள், நாளைக்கும் வேண்டாம். கக்கிய நாளிலிருந்து குறைந்தது பத்து நாள், முடிந்தால் பதினான்கு நாள், வயிறு காலியாகவே இருக்கட்டும். அது அலைவதைப் பார்க்க மனம் கேட்காதுதான். ஆனால் கக்கும்போது எலியோடு வயிற்று அமிலமும் மேலே வந்திருக்கும். உணவுக்குழாயின் உள்பக்கம் எரிந்து புண்ணாகியிருக்கலாம். செரிமானச் சாறும் உடம்பின் நீரும் கணிசமாகப் போயிருக்கும். அது ஆறுவதற்குள் இன்னொரு இரை உள்ளே போனால் அதுவும் வெளியே வர வாய்ப்பு அதிகம். ஒருமுறை கக்கிய பாம்பைத் தேற்றிவிடலாம், அடுத்தடுத்துக் கக்க ஆரம்பித்துவிட்டால் பெரும்பாடு. 62 கிராம் உள்ள, மற்றபடி ஆரோக்கியமான பாம்பு இரண்டு வாரம் சாப்பிடாமல் இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது.

இந்த நாட்களில் தண்ணீர் எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும். கக்கிய இடத்திலுள்ள தரைப்பொருளை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கையில் எடுப்பது அறவே கூடாது.

பதினான்கு நாள் கழித்து முதல் இரையாக 3 கிராம் பிங்கி, அதாவது முடி முளைக்காத எலிக்குஞ்சு, ஒன்று போதும். வழக்கமாகக் கொடுத்ததில் பாதி. அது உள்ளே தங்கி, எச்சமும் போய்விட்டால், எட்டுப் பத்து நாள் இடைவெளியில் மறுபடி அதே அளவு. மூன்றாவது முறை 4 அல்லது 5 கிராம். அதுவும் சரியாகப் போனால் பழைய 6 கிராமுக்கு வாருங்கள். இடையில் எடை ஒன்றிரண்டு கிராம் குறையும், கவலை வேண்டாம்.

சரி, ஏன் கக்கியது? கையில் எடுத்ததும் ஒரு காரணம்தான். இரை விழுங்கிய பாம்பை 48 மணி நேரமாவது தொடக்கூடாது; பெரிய இரை என்றால் வீக்கம் வடியும்வரை தொடக்கூடாது. வயிறு நிறைந்த பாம்பு பயந்தால் முதலில் செய்வது சுமையை இறக்கிவிட்டு ஓடத் தயாராவது. ஆனால் நீங்கள் கையில் எடுக்காமல் இருந்திருந்தாலும் இந்த எலி தங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 62 கிராம் பாம்புக்கு 25 கிராம் எலி என்பது உடல் எடையில் 40 சதவீதம். வெப்பத்தில் குறை சொல்ல முடியாது. கார்ன் ஸ்நேக்குக்கு 30 டிகிரி சரியான சூடுதான்.

நீங்கள் கக்கிய எலியை உற்றுப் பார்த்து எழுதியது எனக்கு உதவியாக இருந்தது. பாம்பு இரையைப் பெரும்பாலும் தலைப்பக்கமிருந்துதான் விழுங்கும், அதனால் தலைதான் முதலில் வயிற்றை அடையும், முதலில் கரையும். பின்பாதி முடியோடு இருந்தது என்றால் மூன்றாம் நாள்வரை அமிலம் அந்தப் பக்கத்தைச் சரியாக எட்டவே இல்லை. பாம்பு மெல்லுவதில்லை. இரையின் வெளித்தோலில் தொடங்கி உள்நோக்கித்தான் செரிமானம் நடக்க வேண்டும். 6 கிராம் குஞ்சையும் 25 கிராம் எலியையும் ஒப்பிட்டால் எடை நான்கு மடங்குக்கு மேல். ஆனால் அமிலம் வேலை செய்யக் கிடைக்கும் தோல் பரப்பு இரண்டரை மடங்குதான். கூடவே அடர்ந்த முடி, கெட்டியான தோல், முற்றிய எலும்பு. அமிலம் வெளியிலிருந்து உள்ளே போவதற்குள் எலியின் குடலில் இருக்கும் கிருமிகள் உள்ளிருந்து அழுகச் செய்ய ஆரம்பித்துவிடும். 30 டிகிரி சூட்டில் அது வேகமாகவே நடக்கும். அழுகிய இரையைப் பாம்பு உள்ளே வைத்துக்கொண்டிருக்காது. கக்கியதே நல்லது என்றுகூடச் சொல்லலாம்.

உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு திருத்தம். பாம்பின் தாடை கழல்வதில்லை. கீழ்த்தாடையின் இடது வலது பாதிகள் நமக்கு இருப்பதுபோல் முன்னால் எலும்பாக ஒட்டியிருக்காமல், மீளும் தன்மையுள்ள தசைநாரால் இணைந்திருக்கின்றன. பின்னால் மண்டையோட்டோடு சேரும் இடத்தில் நீண்டு அசையும் ஓர் எலும்பு இருக்கிறது. அதனால் வாய் அகலமாகவும் திறக்கும், பக்கவாட்டிலும் விரியும். இடது பக்கம் ஒரு அடி, வலது பக்கம் ஒரு அடி என்று மாறி மாறி முன்னேறி இரையின்மேல் ஏறிப்போகும். அடுத்தமுறை கூர்ந்து பாருங்கள், கீழ்த்தாடையின் நடுவிலிருந்து ஒரு சின்னக் குழாய் முன்னால் நீண்டிருக்கும். அது மூச்சுக்குழலின் வாய். வாய் முழுக்க எலி இருக்கும்போதும் மூச்சு விட இந்த ஏற்பாடு. பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் அதெல்லாம் விழுங்குவதற்கான ஏற்பாடு. வாய் கொள்ளும் அளவும் வயிறு தாங்கும் அளவும் ஒன்றல்ல. இரை சரியான அளவா என்பதை விழுங்கிய அன்றைக்குப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதற்கடுத்த நான்கு நாட்கள்தான் சொல்லும்.

காட்டில் பாம்பு பெரிய இரையை விழுங்குகிறதே என்பீர்கள். விழுங்கும்தான். அடுத்த இரை எப்போது கிடைக்கும் என்று தெரியாத பிழைப்பு அது. மலைப்பாம்புகளில் செய்த ஆய்வுகள் ஒரு வேளை உணவு எவ்வளவு பெரிய வேலை என்பதைக் காட்டுகின்றன. பட்டினி கிடக்கும்போது அதன் வயிற்றில் அமிலமே கிட்டத்தட்ட இல்லை. இரை உள்ளே போன பிறகுதான் சுரக்கத் தொடங்குகிறது, ஓரிரு நாளில் கடும் அமிலமாகிறது, சிறுகுடலின் எடை இரட்டிப்பாகிறது. கார்ன் ஸ்நேக்கிடம் இந்த மாற்றம் அவ்வளவு தீவிரமில்லை. அது அடிக்கடி, சிறிது சிறிதாக உண்ணும் வகை. அதனாலேயே மலைப்பாம்புக்குப் பொருந்துவதை இதன்மேல் திணிக்கக்கூடாது.

இனி அளவு எடுப்பதற்கு வருவோம். உங்களிடம் கிராம் காட்டும் சமையல் தராசு இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள், பாம்பை உள்ளே விட்டு மூடுங்கள், எண் நிலைத்ததும் குறித்துக்கொள்ளுங்கள். எச்சம் போட்ட பிறகு, அடுத்த இரைக்கு முந்தின நாள் எடுத்த எடைதான் நம்பத்தக்கது. சாப்பிட்ட மறுநாள் எடுத்தால் எலியையும் சேர்த்துத்தான் எடை பார்க்கிறீர்கள்.

வளரும் கார்ன் ஸ்நேக்குக்கு ஒரு வேளை இரை அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம். உங்கள் பாம்புக்கு இன்றைய கணக்கில் 6 முதல் 9 கிராம். அதாவது நீங்கள் கொடுத்துவந்தது சரியாகவே இருந்தது, மாற்றத் தேவையே இருக்கவில்லை.

தராசு கைவசம் இல்லாதபோது கண்ணளவு ஒன்று உண்டு. பாம்பின் உடம்பில் மிகப் பருமனான இடம் நடுப்பகுதி, அங்கே எவ்வளவு தடிமனோ கிட்டத்தட்ட அதே தடிமனில் இரை இருக்க வேண்டும். கொஞ்சம் கூடலாம், ஒன்றேகால் மடங்குவரை. ஒன்றரை மடங்கு என்பது உச்சவரம்பு, அதை நான் பரிந்துரைப்பதில்லை. தலையோடு ஒப்பிடாதீர்கள். தலை எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து பிங்கியிலேயே மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர்களும் இருக்கிறார்கள். இரையின் நீளத்தையும் வாலையும் கணக்கில் எடுக்க வேண்டாம், இடுப்பின் அகலத்தைப் பாருங்கள். எடைக் கணக்கு ஒன்று சொல்லி, தடிமன் கணக்கு வேறு சொன்னால், இரண்டில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். தடிமன் கணக்கு ஏமாற்றும் சந்தர்ப்பம் ஒன்றும் உண்டு: கொழுத்த பாம்பு. அதன் நடுப்பகுதி பருமனைப் பார்த்து இரையைக் கூட்டினால் இன்னும் கொழுக்கும்.

எந்த எடையில் மாறுவது என்று கேட்டீர்கள். முட்டையிலிருந்து வரும்போது கார்ன் ஸ்நேக் குட்டி 6, 7 கிராம்தான் இருக்கும். முடி முளைக்காத பிங்கி ஒன்று, 2 கிராம் அளவில், அதற்கு முழுச் சாப்பாடு. அந்தச் சின்ன வயதில் மட்டும் சதவீதக் கணக்கு கொஞ்சம் மீறும், பிங்கி மிருதுவானது என்பதால் பரவாயில்லை. 25 கிராம் தாண்டியதும் மெல்லிய முடி வந்த ஃபஸ்ஸி. 70, 80 கிராம் ஆகும்போது கண் திறந்து துள்ளும் ஹாப்பர், 8 முதல் 12 கிராம். 120 கிராம் வாக்கில் பால்குடி மறந்த இளம் எலி, 14 முதல் 18 கிராம். 200 கிராமைத் தாண்டிய பிறகுதான் 20, 25 கிராம் பெரிய எலி. பெரும்பாலான கார்ன் ஸ்நேக்குகளுக்கு வாழ்நாள் முழுவதும் முழு வளர்ச்சியடைந்த ஒரு சுண்டெலியே போதும். அதற்கு மேல் போக வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தப் பெயர்களை ரொம்ப நம்பாதீர்கள். ஒருவர் ஹாப்பர் என்று விற்பது இன்னொருவரிடம் ஃபஸ்ஸியாக இருக்கும். எலியையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பது அரை நிமிட வேலை.

ஒரு அளவிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது இடையில் இரண்டு சிறிய குஞ்சுகளாகக் கொடுக்கலாம். உங்கள் பாம்பு 75 கிராம் ஆகும்போது ஃபஸ்ஸி பற்றாது, ஹாப்பர் பெரிதாகத் தெரிகிறது என்றால், 5 கிராமில் இரண்டு கொடுங்கள். ஒரே 10 கிராம் எலியைவிட இரண்டு 5 கிராம் குஞ்சுகளுக்குத் தோல் பரப்பு அதிகம், செரிப்பது சுலபம். ஆனால் அதையே நிரந்தரமாக்கி, பெரிய பாம்புக்குப் பிங்கிகளாக அடுக்கிக்கொண்டே போகக்கூடாது. பிங்கியின் எலும்பு இன்னும் முற்றவில்லை, அதில் சுண்ணாம்புச் சத்து வளர்ந்த எலியில் இருப்பதைவிடக் குறைவு. எலும்பு முற்றிய இரை வளரும் பாம்புக்குத் தேவை.

அளவைக் கூட்டும்போது இடைவெளியும் நீள வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குட்டிக்கு 5, 6 நாளுக்கு ஒருமுறை, உங்கள் பாம்பின் எடையில் 6, 7 நாளுக்கு ஒருமுறை, 200 கிராமுக்கு மேல் 8 முதல் 10 நாள். முழு வளர்ச்சியடைந்ததும் எடையில் 5 முதல் 8 சதவீத இரை, 10 முதல் 14 நாள் இடைவெளியில். தோல் உரிக்கும் முன் கண் வெளிறிப் பால் நிறமாக இருக்கும் நாட்களில் சாப்பிட மறுத்தால் விட்டுவிடுங்கள், உரித்து முடிந்ததும் கேட்டு வாங்கிச் சாப்பிடும்.

இரை உள்ளே போன பிறகு கவனிக்க வேண்டியது உடம்பின் நடுவில் தெரியும் வீக்கம். சரியான அளவு என்றால் விழுங்கிய அன்று லேசான மேடு தெரியும், மறுநாள் மங்கும், இரண்டு மூன்று நாளில் உடம்போடு உடம்பாகிவிடும். மேடே தெரியவில்லை, சாப்பிட்ட கையோடு மறுபடி தேடி அலைகிறது, எடை மாதக்கணக்கில் நகரவில்லை என்றால் இரை சிறியது. செதில்கள் விலகி இடையிலுள்ள தோல் பளிச்சென்று தெரியும்படி உப்பியிருந்து, அந்த உப்பல் நான்காம் நாளும் வடியாமல் இருந்தால் இரை பெரியது, கக்காவிட்டாலும் பெரியதுதான். எச்சத்தையும் பாருங்கள். கெட்டியான பழுப்பு நிறப் பகுதியும் யூரேட் எனப்படும் வெள்ளைச் சிறுநீர்க் கழிவும் சேர்ந்து வந்தால் நல்லது. செரிக்காத தசையோ நாற்றமெடுத்த நீர்த்த எச்சமோ வந்தால் அளவையும் சூட்டையும் சரிபார்க்க வேண்டும்.

‘சீக்கிரம் வளரும்’ என்ற ஆசையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான அபிப்பிராயம் உண்டு. பாம்பை வேகமாகப் பெரிதாக்குவதால் பாம்புக்கு ஒரு லாபமும் இல்லை, லாபம் விற்பவருக்கும் படம் எடுத்துக் காட்டுபவருக்கும்தான். வளர்ந்த பாம்பில் அதிகப்படி இரை கொழுப்பாக உடம்புக்குள் சேரும், கல்லீரலைக் கெடுக்கும். வாலுக்கு முன்னால் இடுப்புப் பகுதியில் இரண்டு பக்கமும் உருண்டு தெரிவதும், வளைந்து படுக்கும்போது மடிப்பு விழுவதும் அதன் அடையாளம். கார்ன் ஸ்நேக் முழு அளவை எட்ட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஆகட்டுமே.

இதே கணக்கை எல்லாப் பாம்புக்கும் நீட்ட முடியாது. பால் பைத்தான் எனப்படும் குட்டை மலைப்பாம்பு பிறக்கும்போதே 50, 60 கிராம் இருக்கும், முதல் இரையே ஹாப்பர்தான், வளர்ந்த பிறகு எடையில் 5 சதவீதம் போதும், மாதக்கணக்கில் சாப்பிடாமலும் இருக்கும். போவா வகைகளுக்குச் செரிமானம் மெதுவானது, இன்னும் சிறிய இரையும் இன்னும் நீண்ட இடைவெளியும் வேண்டும். கிங் ஸ்நேக் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லாது, அதனிடம் கட்டுப்பாடு உங்கள் கையில்தான்.

ஃப்ரீசரில் இருக்கும் எலிகளுக்கு வருகிறேன். உங்கள் பாம்பு 200 கிராமைத் தொட ஒரு வருடம்கூட ஆகலாம், அதுவரை வைத்திருந்தால் தரம் போய்விடும். பெரிய பாம்பு வளர்க்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வெட்டித் துண்டாகக் கொடுக்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். பாம்புக்கு எலும்பு, ஈரல், குடல் எல்லாம் சேர்ந்த முழு இரைதான் சரிவிகித உணவு. புதிதாக வாங்கும் குஞ்சுகளை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி உறைபனி நீங்கச் செய்து, கொடுக்கும் முன் பையோடு வெதுவெதுப்பான நீரில் வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு இடம் வெந்து இன்னொரு இடம் உறைந்தே இருக்கும். வயிற்றுப் பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். நடுவில் கட்டியாகத் தட்டுப்பட்டால் இன்னும் தயாராகவில்லை. உள்ளே பனி மிச்சமிருக்கும் இரையும் கக்குவதற்கு ஒரு காரணம். உயிருள்ள எலியை விடும் பழக்கம் வேண்டவே வேண்டாம், அளவு கொஞ்சம் கூடினாலே அது பாம்பைக் கடித்துக் குதறிவிடும். எலியையோ பாம்பையோ தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இரண்டிலும் இருக்கலாம்.

நான் சொன்னபடி 3 கிராம் பிங்கி கொடுத்து அதையும் கக்கினால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். வாயில் சளி நூலாகத் தெரிந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, சாப்பிடாத நாளிலும் நடு உடம்பு தடித்துக் கெட்டியாகத் தட்டுப்பட்டாலோ, இரண்டாவது முறை கக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கடைசியாகச் சொன்ன தடிப்பு கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வயிற்றுச் சுவரைத் தாக்கியதால் இருக்கலாம். வேறு பாம்பு வளர்த்தால் அதற்கும் பரவும், அதனால் பரிசோதனை முடியும்வரை இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். போகும்போது கக்கியதையும் கடைசியாகப் போட்ட எச்சத்தையும் மூடிய பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். உறைய வைக்க வேண்டாம், குளிர்ச்சியாக இருந்தால் போதும். கூடவே எடை, இரை கொடுத்த தேதி, இரையின் கிராம் மூன்றையும் குறித்த தாளையும் எடுத்துச் செல்லுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.